பழக்கமும் பிரசாதமும்

பதினேழாம் நூற்றாண்டில் காசிக்குச் சென்ற குமரகுருபரருக்கு, அங்கே மடம் நிறுவுவதற்காக முகலாய ஆட்சியாளரைக் காண வேண்டியிருந்தது. அவரோடு பேச இந்துஸ்தானி தெரியாததால் சகலகலாவல்லி மாலை பாடிக் கலைமகளை வேண்டினார் என்றும், வேண்டியபடியே அம்மொழி அவருக்குக் கைவந்தது என்றும் சைவ மரபு சொல்லும். ஐந்து வயது வரை வாய் பேசாதிருந்த அவர் திருச்செந்தூர்ச் சன்னிதியில் பேச்சும் பாட்டும் ஒருசேரப் பெற்றார் என்பது அதற்கு முந்திய கதை. திருவானைக்கா அம்பிகையின் தாம்பூலம் வாயில் விழுந்ததும், கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்தவர் காளமேகப் புலவரானார். காளியின் அருளால் மூடன் ஒருவன் காளிதாசன் ஆனான். ஊரும் தெய்வமும் மாறினாலும் கதைகளின் கட்டமைப்பு ஒன்றே. முதலில் ஊமை அல்லது மூடன், அடுத்து ஒரு கணம், அதன்பின் கவி. நடுவே ஆசிரியர் இல்லை, பாடம் இல்லை, தப்பும் தவறுமாகப் பேசிப் பழகிய வருஷங்கள் இல்லை. இவற்றை நம்புவதா தள்ளுவதா என்று கேட்பதில் பயன் குறைவு. மனிதன் செய்யும் சிறந்த காரியங்களில் எவ்வளவு அவனுடையது, எவ்வளவு அவனுக்குத் தரப்பட்டது என்பதுதான் இவை எழுப்பும் கேள்வி. அது அடிப்படையில் ஒரு சமயக் கேள்வி. மொழியையும் படைப்பையும் வைத்து அதை ஆராய்வதில் ஒரு வசதி உண்டு: இவ்விரண்டும் வந்து சேர்ந்த வழியைப் பற்றி ஓரளவு சான்றுகள் நம்மிடம் இருக்கின்றன.

இந்தக் கதைகளுக்கு நேர்மாறான தீர்ப்பும் தமிழிலேயே இருக்கிறது. ஔவையின் பெயரால் வழங்கும் புகழ்பெற்ற தனிப்பாடல் ஓவியத்தைக் கையின் பழக்கத்துக்கும், தமிழை நாவின் பழக்கத்துக்கும், கல்வியை மனத்தின் பழக்கத்துக்கும் உரியதாக வகுத்துவிடுகிறது. நட்பு, ஈகை போன்ற குணங்களையே அது பிறவிக் கணக்கில் வைக்கிறது. நாம் சாதாரணமாகச் சொல்வது இதற்குத் தலைகீழ். ஓவியனையும் கவிஞனையும் பிறவிக் கலைஞன் என்கிறோம். ஈகையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துப் பழக்கலாம் என்கிறோம். அந்தப் பாட்டின் பின்பாதியோடு வாதாட இடமுண்டு. முன்பாதி சரி என்பதே இக்கட்டுரையின் வாதம். மொழியும் படைப்பும் இடைவிடாத பழக்கத்தின் விளைவுகள். 'அருள் வந்தது' என்று கலைஞர்கள் சொல்லும் அனுபவமும் பொய்யில்லை. ஆனால் அது நேர்வது பழக்கம் முற்றிய பிறகு. பழக்கத்துக்குப் பதிலாக அருளை நிறுத்துவது கல்வியைக் கெடுக்கும், அருள் என்னும் கருத்தையும் மலினமாக்கும்.

மொழியிலிருந்து தொடங்குவோம். வளர்ந்தபின் ஓர் அயல்மொழிக்குள் நுழைந்து அதன் இலக்கியம் வரை சென்றவர்களின் வரலாறு இங்கே நல்ல சாட்சி. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியரை அழைத்து, சிறுவர்களோடு தாமும் உட்கார்ந்து மணலில் எழுத்தெழுதித்தான் அவர் தொடங்கினார். பிறகு அவர் வகுத்துக்கொண்ட அன்றாட ஒழுங்கை அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன. காலையில் முன்பு படித்த சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லுதல். அதன்பின் ஆசிரியரின் துணையோடு ஓலைச் சுவடி வாசிப்பு. பிற்பகலில் மறுபடியும் வாசிப்பு. ஒரே சுவடியைப் பலமுறை படித்தார். 1708-க்குள் தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கக் குறிப்புகளோடு ஒரு பட்டியல் தயாரித்தார். 1715-இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடி அச்சகத்தில் முழுமையடைந்தது. அவர் கடவுளை ஆழமாக நம்பியவர். தம் பணி முழுவதும் இறைவனால் ஆவது என்று கருதியவர். ஆனாலும் பெந்தெகொஸ்தே நாளில் அப்போஸ்தலர்களுக்கு நிகழ்ந்ததாக வேதம் சொல்லும் மொழி வரம் தமக்கும் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. காலை நேரத்தைச் சொற்களுக்குக் கொடுத்தார்.

அன்றாடம் என்பதில் அப்படி என்ன இருக்கிறது? மொத்த உழைப்பு ஒன்றாக இருந்தால் அதை நான்கு நாளில் முடித்தால் என்ன, நான்கு மாதத்தில் முடித்தால் என்ன? 1885-இல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய உளவியலாளர் தம் நினைவாற்றலைத் தாமே சோதித்து வெளியிட்ட நூல் இதற்கு விடை சொல்கிறது. பொருளற்ற அசைகள் பன்னிரண்டை வரிசையாக மனனம் செய்வதில், ஒரே நாளில் 68 முறை திருப்பிச் சொல்லிப் பெற்ற பயனை, மூன்று நாளாகப் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே அவர் பெற்றார். இடைவெளியில் மனம் சும்மா இருப்பதில்லை. மறக்கத் தொடங்கியதை மீண்டும் தேடி எடுக்கும்போதுதான் அது ஆழமாகப் பதிகிறது. பதஞ்சலியின் யோக சூத்திரம் முதற் பாதத்திலேயே அப்பியாசம் உறுதிப்பட மூன்று நிபந்தனைகள் விதிக்கிறது: நெடுங்காலம் செய்ய வேண்டும், நடுவில் கைவிடாமல் செய்ய வேண்டும், மதிப்போடு செய்ய வேண்டும். ஆய்வுக்கூடம் அளந்தது முதல் இரண்டை. மூன்றாவது அளவுகோலுக்கு அகப்படாதது. ஆனால் வெறும் நெட்டுருவிலிருந்து பயிற்சியைப் பிரித்துக் காட்டுவது அதுதான். சொல்லிக்கொண்டிருப்பதன்மேல் மதிப்பில்லாதவன் நூறு முறை சொன்னாலும், முதல் முறை கேட்டதற்கு மேல் எதையும் கேட்பதில்லை.

குழந்தை எந்த முயற்சியும் இல்லாமல்தானே தாய்மொழி பேசுகிறது என்று ஒரு மறுப்பு எழலாம். பேசும் திறன் மனித மூளையோடு பிறக்கிறது என்று மொழியியலாளர் பலர் வாதிட்டிருக்கிறார்கள். அதை ஒப்புக்கொள்வதில் தடையில்லை. ஆனால் திறன் வேறு, மொழி வேறு. நிகராகுவாவின் தலைநகரான மனாகுவாவில் 1970-களின் இறுதியிலிருந்து காது கேளாத பிள்ளைகள் பள்ளிகளில் ஒன்றுசேர்க்கப்பட்டார்கள். அதுவரை தனித்தனி வீடுகளில் வளர்ந்த அவர்களிடம் சில வீட்டுச் சைகைகள் இருந்தன. முழு மொழி இல்லை. மூளையோ எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பதுதான். நாள்தோறும் கூடி, கைகளால் பேசிப் பேசி, அவர்கள் ஒரு பொதுச் சைகை முறையை உண்டாக்கினார்கள். அடுத்தடுத்து வந்த சிறு பிள்ளைகள் அதை இலக்கணம் உடைய மொழியாக வளர்த்தார்கள். பிறவித் திறனும், எந்தக் கணத்து வரமும் தனிமையில் அவர்களை மொழிக்குக் கொண்டு சேர்க்கவில்லை. கூடிப் பழகிய ஆண்டுகள் சேர்த்தன. நம் தாய்மொழியும் இப்படி வந்ததே. மழலையும் தடுமாற்றமும் பெரியவர்களின் திருத்தமும் நிறைந்த அந்த ஆண்டுகள் நம் நினைவில் இல்லை. உழைத்தது மறந்துவிட்டதால், பெற்றது இனாமாகத் தோன்றுகிறது.

மொழி கற்பது சரி, படைப்பும் அப்படியா என்பது அடுத்த மறுப்பு. இலக்கணமும் அகராதியும் உழைப்பால் வரும், கவிதை வராது. பழக்கம் அதிகமானால் பழையதைத் திருப்பிச் செய்யும் கைதான் மிஞ்சும் என்பார்கள். இத்தாலியில் 1680-இல் பிறந்த பெஸ்கி, முப்பது வயதை ஒட்டித் தமிழ்நாட்டுக்கு வந்து வீரமாமுனிவர் ஆனார். சுப்பிரதீபக் கவிராயரிடம் அவர் தமிழ் பயின்றதாக மரபு சொல்லும். இலக்கண நூலான தொன்னூல் விளக்கத்தையும் சதுரகராதியையும் தந்த அதே மனிதர்தான் 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியையும் பாடினார். அந்தக் காப்பியம் நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தமிழ்க் காப்பிய நெறி வகுத்த வாசல் வழியாகவே உள்ளே நுழைகிறது. சிந்தாமணியும் கம்பனும் அதில் ஊறியிருக்கின்றன. அப்படி ஊறியிருப்பதாலேயே தமிழுக்கு அதற்குமுன் இல்லாத ஒன்று அதில் நடக்கிறது: சூசையப்பரின் வாழ்க்கை பெருங்காப்பியமாகிறது, யூதேயா நாடு மருத நிலத்தின் வளம் பெறுகிறது. மரபின் வாய்பாடுகள் கைக்கு வராத ஒருவர் இப்புதுமையைச் செய்திருக்க முடியாது. எதை மாற்றலாம், எதை மாற்றினால் காப்பியமே சரிந்துவிடும் என்பது மரபுக்குள் வெகுகாலம் புழங்கியவருக்கே தெரியும். பழக்கம் புதுமையைக் கொன்றுவிடும் என்ற அச்சம், மதிப்பில்லாமல் செய்த பழக்கத்துக்கே பொருந்தும்.

வரமாகத் தோன்றுவது எப்படி உருவாகிறது என்பதற்கு இன்னொரு சாட்சி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1871-இல் அவரிடம் மாணவராகச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், பிள்ளை பாடல்களை வாயால் சொல்லிக்கொண்டே போவதையும், அருகில் இருப்பவர் ஏட்டில் எழுதிக்கொண்டே வருவதையும் பதிவுசெய்திருக்கிறார். முன்குறிப்பு கிடையாது, அடித்துத் திருத்துவது அரிது. பார்த்தவர்கள் தெய்வீகம் என்று வியந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அதே உ.வே.சா. எழுதிய பிள்ளையவர்களின் வரலாறு வேறொரு பக்கத்தையும் காட்டுகிறது. ஏடுகள் எளிதில் கிடைக்காத காலத்தில் அவர் இளமையில் ஒவ்வொரு நூலாகத் தேடியலைந்தார். ஒவ்வொருவரிடமும் தெரிந்ததைக் கேட்டுக்கொண்டார். தண்டியலங்காரம் தெரிந்த ஒரு பரதேசிக்குப் பணிவிடை செய்து அந்நூலைப் பாடம் கேட்டார். எதுகையும் மோனையும் சந்தமும் தாமாகவே வந்து நிற்கும் அளவுக்கு அவை அவருக்குள் இருந்ததால், பாடும்போது மனம் பொருளை மட்டும் கவனித்தால் போதுமாயிருந்தது. அந்த வேகத்தைக் கண்டவர்கள் பலர். அதற்குப் பின்னால் இருந்த ஆண்டுகளைக் கண்டவர்கள் மிகச் சிலரே.

கண்டுபிடிப்பின் கணத்தைத் தெய்வத்துக்கே உரியதாக்கியவர்கள் உண்டே என்று கேட்கலாம். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் சூத்திரங்களைக் காட்டுவதாகச் சொன்ன கணித மேதை ராமானுஜனை யாரும் மறந்துவிட முடியாது. அவருடைய அனுபவத்தை மறுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அவர் வாழ்க்கையில் கனவோடு கற்பலகையும் இருந்தது. 1903-இல் கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்தபோது கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்கள் பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல் அடுக்கப்பட்ட நூல் அது. அவற்றைத் தாமே நிறுவிப் பார்த்தார். காகிதம் வாங்கப் பணமில்லை. பலகையில் போட்டு முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளைக் கொண்ட அந்த நோட்டுப் புத்தகங்களில் வழி காணப்படாததால், வானத்திலிருந்து விழுந்தவை போல் அவை தோன்றுகின்றன. வழி பலகையோடு அழிந்துபோயிற்று. நாமகிரித் தாயார் அவரிடம் கணிதம் பேசினார் என்றால், கேட்டுப் புரிந்துகொள்ளக் கூடிய காதை அந்தப் பலகைதான் தயாரித்திருந்தது. பிரெஞ்சுக் கணித மேதை ஆன்றி புவான்கரேயும், ஒரு பயண வண்டியில் காலெடுத்து வைத்த கணத்தில் தமக்கொரு விடை தோன்றியதைச் சொல்லிவிட்டு, முன்பே நனவோடு பாடுபட்டிருந்தால்தான் அத்தகைய கணங்கள் பயன் தரும் என்று வற்புறுத்தியிருக்கிறார்.

இவற்றைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. காரின் நூலைப் படித்தவர்கள் பலர், ராமானுஜன் ஒருவர். உழைப்பே காரணம் என்றால் இது எப்படி? புள்ளிவிவரமும் இம்மறுப்பின் பக்கம் நிற்பதாகத் தோன்றும். பயிற்சிக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய 88 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளிவந்த ஆய்வு, மனிதருக்கு மனிதர் காணப்படும் தேர்ச்சி வேறுபாட்டில் பயிற்சியின் பங்கு இசையில் 21 விழுக்காடு, கல்வியில் 4 விழுக்காடு என்றே கணக்கிட்டது. பயிற்சி செய்தால் யாரும் மேதையாகலாம் என்று விற்பனை பேசும் நூல்களுக்கு இது நல்ல அடி. ஆனால் இந்த எண்கள் அளப்பது இருவருக்கு இடையே உள்ள வித்தியாசத்தை. அந்த இருவரும் ஏற்கெனவே பல ஆண்டுகள் பயின்றவர்களாக இருக்கலாம். ஒருவர் மற்றவரை விஞ்சியதற்குப் பயிற்சி காரணமாகாமல் போகலாம். அதனால் பயிற்சி இல்லாமலே இருவரும் அங்கு வந்து நின்றிருப்பார்கள் என்று ஆகிவிடாது. உழைப்பு போதும் என்பது ஒரு கூற்று. உழைப்பு வேண்டும் என்பது வேறொரு கூற்று. முன்னதை நான் சொல்லவில்லை. திருக்குறளில் 38-ஆம் அதிகாரம் ஊழின் வலிமையைப் பேசுகிறது. 62-ஆம் அதிகாரம், தெய்வம் துணை நில்லாத இடத்திலும் உழைப்பு தன் அளவுக்குப் பலன் தராமல் போகாது என்ற நிலையை எடுக்கிறது. ஒரே ஆசிரியர் இரண்டையும் எழுதினார், ஒன்றை மற்றொன்றால் அழிக்கவில்லை. எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை ஊழ் வரையறுக்கலாம். நடக்காதவனுக்கு அந்த வரையறை இருந்தென்ன, இல்லாமலென்ன.

சமயத்தின் பக்கத்திலிருந்து வரும் மறுப்பு இன்னும் நுட்பமானது. உழைப்பால் பெற்றேன் என்பது ஆணவம், எல்லாம் அவன் தந்தது என்பதே பணிவு என்று பக்தர் சொல்லக்கூடும். தமிழ் வைணவம் இவ்வழக்கை நூற்றாண்டுகளாக நடத்தியிருக்கிறது. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியை வடகலையாரும், தாய் கவ்விச் செல்லத் தன்னை விட்டுவிடும் பூனைக் குட்டியைத் தென்கலையாரும் உவமை காட்டினார்கள். ஆனால் அவர்கள் வாதாடியது வீடுபேற்றைப் பற்றி, புலமையைப் பற்றியதன்று. அருள் காரணமின்றியே வரும் என்ற கொள்கையின் தலையாய ஆசிரியர் பிள்ளை லோகாசாரியர். அவருடைய தந்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை, ஆசாரியரான நம்பிள்ளை திருவாய்மொழிக்குப் பகலில் சொன்ன பொருளை இரவுகளில் ஓலையில் எழுதி வைத்தார் என்றும், அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி என்றும் வைணவ மரபு சொல்லும். முயற்சியால் முக்தி வாங்க முடியாது என்று போதித்த வீட்டில் இரவு விளக்கு அணையவில்லை. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. மதிப்பான ஒன்றுக்காக உழைப்பது, அதை விலைக்கு வாங்கிவிட்டேன் என்ற உரிமைப் பேச்சாகாது. உண்மையில் மொழி பயில்பவனுக்கு ஆணவம் கொள்ள அதிகம் இடம் கிடைப்பதில்லை. அவன் எடுத்தாளும் ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு முன்னே வாழ்ந்தவர்களுடையது. தவறு செய்து, திருத்தப்பட்டு, மறுநாளும் வந்து உட்கார வேண்டியவன் அவன். வரம் பெற்றேன் என்று சொல்லித் திரிவதில்தான் ஆணவத்துக்குத் தாராளமாக இடம் உண்டு. வரம் தேர்ந்தெடுத்த ஆள் என்ற தகுதி அதோடு வந்துவிடுகிறது.

சகலகலாவல்லி மாலையில் குமரகுருபரர் வேண்டுபவற்றையும் இந்த நோக்கில் படித்துப் பார்க்கலாம். சொல்வன்மை, அவதானம், கவி சொல்லும் வித்தை ஆகியவற்றை அவர் கேட்கிறார். அவதானம் ஒரே சமயத்தில் பலவற்றில் கருத்தை நிறுத்தும் ஆற்றல். பயிற்சி இல்லாமல் அது யாரிடமும் தங்கியதில்லை. பயில்வதற்கு வேண்டிய மனநிலையே அவர் கேட்ட வரங்களில் ஒன்று என்று கொண்டால், வேண்டுதலும் உழைப்பும் ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்கவில்லை என்பது தெளிவாகும். நவராத்திரியில் அந்த மாலையை ஓதும் வீடுகள், சரஸ்வதி பூசையன்று அடுக்கி வைத்த புத்தகத்தை விஜயதசமியன்று எடுத்துப் படிக்காமல் விடுவதில்லை.

கடைசியாக, உழைப்பைப் போற்றுவது கொடுமையாகவும் முடியலாம் என்ற மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். எல்லாம் முயற்சியால் வரும் என்றால், வராதவன் சோம்பேறி என்று தீர்ப்பு எழுதுவது எளிதாகிவிடும். இந்த ஆபத்து உண்மையானது. மேலே சொன்ன சாட்சிகளே இதற்கு விடையும் தருகின்றன. சீகன்பால்குக்குச் சம்பளமும் ஆசிரியரும் சுவடி எழுதித் தரும் ஆட்களும் இருந்தார்கள். மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் அவருடைய மாணவர்களையும் திருவாவடுதுறை ஆதீனம் ஆதரித்தது. ராமானுஜன் கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறிக் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை பார்த்தார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்த பிறகே முழு நேரமும் கணிதத்துக்குக் கிடைத்தது. இடைவிடாத முயற்சிக்கு இடைவிடாமல் சோறு வேண்டும், சொல்லித் தர ஆள் வேண்டும், கைக்கெட்டும் தூரத்தில் நூல் வேண்டும். இவை பல தலைமுறைகளாகச் சில சாதிகளுக்கும் சில குடும்பங்களுக்கும் மட்டுமே கிடைத்தன. அங்கிருந்து புலவர்கள் வந்தபோது, அதைப் பிறவி ஞானம் என்று சொல்வது வசதியாக இருந்தது. படிக்க விடாமல் தடுக்கப்பட்டவர்களுக்கு அது வாய்க்கவில்லை என்று சொல்லி, தடுத்த கையை மறைத்துவிடலாம். மொழியும் கலையும் பிறப்போடு வருபவை என்றால் யாரும் யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. காத்திருந்து வணங்கினால் போதும். அவை பழக்கத்தால் வருபவை என்று ஒப்புக்கொண்டால், கற்பவனுக்கு ஒரு கடமை வருகிறது: நாளையும் உட்கார வேண்டும். அவனைச் சுற்றியுள்ள நமக்கு அதைவிடப் பெரிய கடமை வருகிறது: அப்படி உட்காருவதற்கான நேரமும் இடமும் ஆசிரியரும் எந்தக் குழந்தைக்கும் மறுக்கப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.